பீஸ்டிங்: பயிற்சி எது, தண்டனை எது?

கேள்வி: பிரிட்டிஷ் பாராசூட் ரெஜிமெண்டில் சேர்வதற்காக என் மகன் வடக்கு யார்க்‌ஷயரிலுள்ள கேட்டரிக்கில் பயிற்சி பெறுகிறான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “இன்றைக்கும் எங்களை பீஸ்ட் பண்ணினார்கள்” என்று சிரித்தபடி சொல்கிறான். அது சித்திரவதை என்கிறார் உறவினர் ஒருவர். அவனுடைய அதிகாரிக்கு நானே கடிதம் எழுதலாமா?
— ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூச்சு முட்ட வைக்கும் எந்த உடற்பயிற்சியையும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ‘பீஸ்டிங்’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் மகன் சிரித்துக்கொண்டே சொல்வதைப் பார்த்தால், பெரும்பாலும் அவர் குறிப்பிடுவது அதைத்தான் என்று தோன்றுகிறது.

அவருக்கு முன்னால் ‘பி கம்பெனி’ (P Company) என்னும் உடல்திறன் தேர்வு இருக்கிறது. முதுகில் 35 பவுண்டு சுமையும் கையில் துப்பாக்கியுமாக, மேடு பள்ளமான 10 மைல் தூரத்தை 1 மணி 50 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். இன்னொரு சோதனையில் 60 கிலோ எடையுள்ள மரத்தடியை எட்டுப் பேர் கயிறு பிடித்து ஏறத்தாழ இரண்டு மைல் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருவர் கயிற்றை விட்டால் அவருடைய பாரமும் மற்ற ஏழு பேரின் தோளில் ஏறும். 1982-இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்துத் தீவுப் போரின்போது, ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு, படையினரை ஏற்றிச் செல்லவேண்டிய மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்துபோனதால், அவர்கள் முழுச் சுமையுடன் ஈரமான புல்வெளியில் நடந்தே தீவின் தலைநகரான ஸ்டான்லியை நோக்கிச் செல்ல நேர்ந்தது. அந்த நடைக்குத் தேவையான உடலை உருவாக்கத்தான் இத்தனை வாட்டுகிறார்கள். (அந்தச் சுமை நடையை அவரிடம் ‘யோம்ப்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கடற்படையைச் சேர்ந்த மரைன் வீரர்கள் சொல்வது, பாராசூட் படையினருக்கு ஆகாது. அவர்களுக்கு அது ‘டேப்’ (TAB).)

ஆனால் உங்கள் உறவினரின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. 2006 ஜூலையில், வில்ட்‌ஷயரிலுள்ள டிட்வொர்த் முகாமில், ஒழுங்கீனத்துக்காகக் கொளுத்தும் வெயிலில் முறையற்ற விதத்தில் உடற்பயிற்சித் தண்டனைக்கு உள்ளாக்கப்பட்ட இளம் சிப்பாய் ஒருவர் வெப்பத் தாக்கத்தால் இறந்தார். கொலையாகாத மரணக் குற்றம் சாட்டப்பட்ட மூவர் 2008-இல் விடுவிக்கப்பட்டார்கள் என்றாலும், கோபத்தில் ஒருவரைத் தனியே பிடித்து ஓட வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த வழக்கு நாடறியச் செய்தது.

ஆகவே, “கடினமாக இருந்ததா?” என்று மகனிடம் கேட்பதில் பயனில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தார்களா, அவரை மட்டும் தனியே செய்ய வைத்தார்களா, பயிற்சி நேரத்தில் நடந்ததா, தண்ணீர் கொடுத்தார்களா என்று கேளுங்கள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதையும், ஓடும்போது யாருக்காவது பேச்சு குழறினாலோ கால் தள்ளாடினாலோ உடனே குரல் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனால், அது தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவ நிலையத்துக்குப் போக வேண்டும்.

அதிகாரிக்கு நீங்கள் இப்போது எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. வயது வந்த மகனுக்காகத் தாய் எழுதும் கடிதம் முகாமில் அவரைக் கேலிக்கு ஆளாக்கக்கூடும். துன்புறுத்தல் என்று அவரே சொன்னால், படைப்பிரிவின் நலன் அலுவலரையோ பாதிரியாரையோ அணுகச் சொல்லுங்கள். பாதிரியாரிடம் மதவேறுபாடின்றி யாரும் மனம்விட்டுப் பேசலாம். முறையான புகார் தேவைப்பட்டால், பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் அவர் பெயரிலேயே கொடுக்க வேண்டும் என்பதால், நடந்ததைத் தேதியோடு உடனுக்குடன் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.