தவறான கைக்குப் போன பந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் விற்பனைக் குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். காலாண்டு முடிய இரண்டு நாட்கள் இருக்கையில், குழுவின் திறமையான இளைஞர் ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்குரிய விலைப்புள்ளியைத் தவறுதலாக வேறொருவருக்கு அனுப்பிவிட்டார். பெரிய ஆர்டர் கைநழுவிப் போயிற்று. எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேள்வி கேட்கும்படி மேலிடம் சொல்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து கவனிப்பவர் நீங்கள். அத்தனை நெருக்கடியில் ஒரு மாணவர் தவறும்போது அங்குள்ள பயிற்சியாளர்கள் என்ன செய்கிறார்கள்?

ஆர். எஸ்.

அன்புள்ள ஆர். எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஃபிரெட் பிரவுன் நினைவுக்கு வந்தார். 1982 மார்ச் 29 அன்று, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கில் 61,612 பேர் பார்த்திருக்க நடந்த கல்லூரி அணிகளின் தேசிய இறுதியாட்டத்தில், அவர் ஜார்ஜ்டவுன் அணிக்காக ஆடினார். முதலாண்டு மாணவராக இருந்த மைக்கேல் ஜோர்டன் போட்ட பந்தால் நார்த் கரோலினா 63-62 என முந்தியிருந்தது. சில நொடிகளே மிச்சம். பந்தோடு முன்னேறிய பிரவுன், கடைக்கண்ணில் தெரிந்த உருவத்தைத் தன் அணிக்காரர் என்று நம்பிப் பாஸ் கொடுத்தார். அங்கே நின்றவர் எதிரணியின் ஜேம்ஸ் வொர்தி. ஒரு புள்ளியில் கோப்பை போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜான் தாம்சன், ஆறடி பத்து அங்குல உயரமுள்ள அந்த மனிதர், பிரவுனை அணைத்துக்கொண்டார். நாடே தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. அவர் இளகிய மனம் படைத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள், கண்டிப்புக்குப் பேர்போனவர். விளையாட்டு ஒருநாள் முடிந்துவிடும், படிப்புதான் கைகொடுக்கும் என்பதை மாணவர்கள் மறக்காதிருக்க, காற்றிறங்கிய பந்தொன்றைத் தம் அலுவலகத்தில் வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் அணைத்ததால்தான் அந்த அணைப்புக்கு எடை இருந்தது என்று நினைக்கிறேன். கண்டிப்பையெல்லாம் பயிற்சியின்போதே காட்டி முடித்திருந்தார். தோற்ற நொடியில் அந்த மாணவரைத் தனியே நிற்க விடவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜோர்டனின் பந்து வளையத்தில் விழுந்தபின் ஜார்ஜ்டவுன் டைம் அவுட் கேட்கவில்லை. ஆட்டத்தை அப்படியே ஓடவிட்டது. எதிரணி தன் தடுப்பைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தராத அந்த வழியில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சில நொடிகளின் முழு பாரமும் பிரவுனின் கையில் வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அலுவலகத்திலும் அந்த விலைப்புள்ளி வெளியே போவதற்குமுன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்திருக்க வேண்டாமா? அப்படி ஓர் ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் குறை உங்களுடையது. கூட்டத்தில் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அந்த இளைஞரை எல்லோர் முன்னாலும் நிறுத்தினால், நாளை அவருடைய இடத்தில் தாமே நிற்க நேரலாம் என்று மற்றவர்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதன்பின் அவசரத்தில் யாரும் துணிந்து முடிவெடுக்க மாட்டார்கள். அதைவிட மோசமாக, நடந்த தவறை மறைக்கப் பழகுவார்கள். தவறு உங்கள் காதுக்கு உடனே எட்டும் குழுவில்தான் அதைத் திருத்த நேரம் கிடைக்கும். அவரிடம் பேச வேண்டியதைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள்.

1984இல் சியாட்டில் நகரில் நடந்த அதே தேசிய இறுதியாட்டத்தில் ஜார்ஜ்டவுன் 84-75 என்று ஹூஸ்டனை வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார் தாம்சன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அணைப்புதான் அதைப் பெற்றுத் தந்தது என்று சொல்ல மாட்டேன். பேட்ரிக் யூயிங்கைப் போன்ற தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர் அணியில் இருந்தார். ஆனால் பிரவுனும் அந்த அணியில் இருந்தார். கோப்பை உறுதியானபோது தாம்சன் அவரை மறுபடியும் அணைத்துக்கொண்டார். உங்களுடைய அடுத்த பெரிய விலைப்புள்ளியை அந்த இளைஞரிடமே கொடுங்கள்.