மூக்குச் சொட்டு மருந்தை விட முடியவில்லையே!

கேள்வி: போன தீபாவளிச் சமயம் சளி பிடித்தபோது மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து. இன்னமும் மூன்று மணிக்கு ஒருதரம் விட்டால்தான் மூச்சு வருகிறது. தலைமாட்டில் பாட்டில் இல்லாவிட்டால் தூக்கமில்லை. ‘அடிக்டிவ்’ மருந்து, நீ அடிமையாகிவிட்டாய் என்கிறார் கணவர். நிஜமா? – வாசகி, வயது 41

பதில்: கணவர் சொன்னது பாதி சரி. பாட்டிலைத் தேடித் தவிப்பது, ஊருக்குப் போகும்போது ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைப்பது எல்லாம் பார்க்க அடிமைப் பழக்கம் மாதிரியே இருக்கும். மதுவுக்கும் புகையிலைக்கும் ஏங்குவது மூளை. உங்களுக்கு மக்கர் செய்வது மூக்குச் சவ்வு. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இந்தச் சொட்டுகளில் பெரும்பாலும் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின் இருக்கும். சவ்வின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும். வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாகப் புடைக்கும். சளி இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடி விடுவோம். நாளாக ஆக மருந்து தாங்கும் நேரமும் சுருங்கும். 5 நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது இதனால்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வாமையோ, மூக்குத்தண்டு வளைவோ, சதை வளர்ச்சியோ அடியில் இருக்கலாம். அவர் புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தரலாம். அடித்த உடனே மூக்கு திறக்காது, பலன் தெரியச் சில நாள் ஆகும். ‘இது வேலை செய்யவில்லை’ என்று பலர் பழைய பாட்டிலுக்கே திரும்புவது இங்கேதான். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் காதுப் பக்கமாக அடியுங்கள். நடுத்தண்டிலேயே அடித்தால் ரத்தம் கசியும்.

சொட்டு மருந்தை ஒரேயடியாக நிறுத்தப் பயமாக இருந்தால் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்துங்கள். மற்றதில் மூச்சு ஓடுவதால் ராத்திரி சமாளிக்கலாம். நிறுத்திய பக்கம் தானாகத் திறந்தபின், அநேகமாக ஓரிரு வாரத்தில், அடுத்ததையும் நிறுத்துங்கள். முதல் சில இரவுகள்தான் கஷ்டம். தலையணையை உயர்த்திப் படுங்கள்.

பகலில் உப்பு நீரால் கழுவலாம். கொதித்து ஆறிய நீர் 250 மி.லி., அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பு குறைந்தாலும் எரியும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். அதில் அமீபா இருந்தால் மூக்கு வழியே மூளைக்கு ஏறிவிடும், அரிதென்றாலும் உயிர் போகிற விஷயம்.

இரு பக்கமும் நிறுத்தி இரண்டு வாரமாகியும் அடைப்பு விடவில்லையானால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் அடைத்து ரத்தமும் வந்தால் அத்தனை நாள் பொறுக்கவும் வேண்டாம்.