சாப்பிடுகிற மீன் இளைத்துக்கொண்டே போனால் என்ன வாங்குவது?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். வீட்டில் நான்கடி கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். சென்னைக் கடை ஒன்றிலிருந்து 4,500 ரூபாய்க்கு ஒரு ப்ளூ டேங் மீனை பஸ் பார்சலில் வரவழைத்தேன். வந்த நாளிலிருந்து நன்றாகவே சாப்பிடுகிறது. ஆனால் மூன்று வாரத்தில் வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் குழி விழுந்துவிட்டது. மலம் வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது. கடைக்காரர் ‘வயிற்றில் பூச்சி’ என்று சொல்லி ஒரு காப்பர் மருந்து அனுப்பினார், கேட்கவில்லை. அடுத்து எல்லாப் பூச்சிக்கும் ஆகும் என்று ஒரு மூலிகை பாட்டில். 1,400 ரூபாய் போனதுதான் மிச்சம். எதைத்தான் வாங்குவது?

பதில்: கடைக்காரரின் ஊகம் சரியாக இருக்கலாம். அனுப்பிய மருந்துதான் வேறு நோய்க்கானது. கடல்மீனின் உடம்பில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வருமே, அந்த நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும்தான் காப்பர். அந்த ஒட்டுண்ணிகள் தண்ணீரில் நீந்தித் திரியும் பருவத்தில் காப்பர் பட்டுச் சாகின்றன. குடலுக்குள் குடியிருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு காப்பர் மீனின் பசியையும் குறைக்கும். பெரிய தொட்டியிலேயே அதை ஊற்றியிருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பாறையும் மணலும் காப்பரைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்ப விடும். காப்பர் டெஸ்ட் கிட்டில் சுத்தமாக இல்லை என்று தெரியும்வரை இறால், நத்தை எதையும் அதில் விடாதீர்கள்.

மூலிகை பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா? இருக்காது. மருந்தின் பெயர் இல்லாத பாட்டிலுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கானாலும் இதே அளவுகோல்தான். ஸீகெம் நிறுவனத்தின் மெட்ரோபிளெக்ஸில் இருப்பது மெட்ரோனிடசோல். ஹிக்காரியின் ப்ராசிப்ரோவில் ப்ராசிகுவான்டல். ஏபிஐ நிறுவனத்தின் ஜெனரல் க்யூரில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இப்படிப் பெயர் தெரிந்தால்தான் எதற்கு எது என்று பார்த்து வாங்க முடியும்.

மீனின் குடலில் தொல்லை தருபவை பெரும்பாலும் மூன்று வகை. கண்ணுக்குத் தெரியாத, சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் உயிரிகள் ஒன்று. இவற்றுக்கு மெட்ரோனிடசோல். நாடாப்புழுவுக்கு ப்ராசிகுவான்டல். உருளைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல். ஒன்றின் மருந்து மற்றொன்றிடம் செல்லாது.

வெள்ளை மலத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து நாள் பட்டினி கிடந்த மீனுக்கும் வெறும் சளி வெள்ளையாகத்தான் வெளியேறும். உங்கள் மீன் சாப்பிட்டும் இளைக்கிறது என்பதால்தான் புழுச் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்ய, அப்போதுதான் வெளியேறிய மலத்தைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தகட்டில் விடும் சொட்டு, தொட்டியின் உப்புத் தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் அந்த ஒருசெல் உயிரிகள் உப்பிச் சிதைந்துவிடும், நீங்களும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவீர்கள். புழு முட்டை 100 மடங்கிலேயே தெரியும். துள்ளி ஓடும் நுண்ணுயிரைப் பார்க்க 400 மடங்கு வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது, மீன் மலம் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். முட்டை என்றால் பயணத்தைத் தாங்கும். நுண்ணுயிரோ வழியிலேயே அசைவை நிறுத்திவிடும், அப்புறம் அடையாளம் காண்பது கடினம். மீன் வளர்ப்பில் தொடர்ந்து இருக்கப்போகிறீர்கள் என்றால், அடுத்த பாட்டிலுக்குச் செலவழிப்பதைவிடப் பள்ளிக்கூட மாணவர் வாங்கும் மைக்ராஸ்கோப் ஒன்றில் பணத்தைப் போடலாம். மீன்கடைக்காரர்கள் இதை ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மீன் சாப்பிடுகிறது. அது பெரிய அதிர்ஷ்டம், மருந்தை உணவோடு கொடுத்துவிடலாம். மெட்ரோனிடசோல் என்றால் ஒரு கிராம் உணவுக்கு 10 மில்லிகிராம், தொடர்ந்து 5 நாள். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 கிராம் உணவுக்குச் சரியாக வரும். ஃபென்பெண்டசோல் என்றால் ஒரு கிராம் உணவுக்கு இரண்டரை மில்லிகிராம், 3 நாள். அப்புறம் 2 முதல் 3 வாரம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. மாத்திரையை நைசாகப் பொடித்து, அரைத்த இறாலும் நோரியும் (காய்ந்த கடற்பாசித் தாள்) கலந்த விழுதில் சேருங்கள். மருந்து தண்ணீரில் கரைந்து ஓடாமலிருக்க ஜெலட்டினோ சைனா கிராஸோ காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றிக் கிளறி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். வேளாவேளைக்கு ஒரு துண்டு உடைத்துப் போட்டால் போதும். பூண்டுச் சாறு ஊற்றினால் புழு போய்விடும் என்பார்கள். ஊற்றுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாப்பிடாத மீனுக்குத்தான் தண்ணீரில் மருந்து. கடல்மீன் ஓயாமல் தண்ணீர் குடிக்கிற பிராணி என்பதால் கொஞ்சமாவது உள்ளே போகும். ப்ராசிகுவான்டல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கு, 60 லிட்டர் தொட்டிக்கு 120 மில்லிகிராம். அது எளிதில் கரையாது, ஒரு கப் தண்ணீரில் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஃபில்டரில் மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனை எடுத்துவிடுங்கள், நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரை நிறுத்துங்கள் (இல்லையென்றால் நுரை பொங்கித் தரையெல்லாம் உப்பாகிவிடும்), காற்றுக் கல்லைக் கூடுதலாக ஓடவிடுங்கள்.

எந்த வழியானாலும் சிகிச்சை தனித்தொட்டியில்தான். 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி பைப், இவ்வளவு போதும். பாறையும் மணலும் வேண்டாம், அடியில் விழும் மலத்தை அன்றாடம் உறிஞ்சி எடுக்க வசதியாக இருக்கும். குடல் நுண்ணுயிர்கள் மலம் வழியாகத்தான் அடுத்த மீனுக்குப் போகின்றன. நாடாப்புழு அப்படியில்லை. அதற்கு நடுவில் இன்னொரு பிராணி தேவை, அதனால் தொட்டியில் மீனுக்கு மீன் பரவுவது அரிது.

கடைசியாக ஒன்று. ப்ளூ டேங் ஓரடி வரை வளரும். நான்கடித் தொட்டிக்கு அதை விற்றவர் உங்களிடம் தொட்டியின் அளவைக் கேட்டாரா?

கேள்வி: எங்கள் குகைப் பகுதி மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் கேட்டால் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். மீனுக்குத்தான் என்றாலும் விடவில்லை. வீட்டில் நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை இருக்கிறது. அதில் பாதியைப் போடலாமா?

பதில்: கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள். அது அட்டவணை எச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்குங்கள்.

நாய் மாத்திரையில் பாதி, கால் என்ற பேச்சே வேண்டாம். அட்டையின் பின்பக்கம் படித்தால் பல மாத்திரைகளில் ப்ராசிகுவான்டலோடு பைரான்டெலும் ஃபெபன்டெலும் சேர்ந்திருப்பது தெரியும். இருபது கிலோ நாய்க்குப் போட்ட கணக்கை நாற்பது கிராம் மீனுக்கு உடைத்துப் பிரிப்பது சூதாட்டம். ஃபென்பெண்டசோல் மட்டுமே உள்ள மாத்திரை கால்நடை மருந்துக் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. 150 மில்லிகிராம் மாத்திரை என்றால் 60 கிராம் உணவுக்கு ஒன்று. அதைப் பெரிய தொட்டியில் போட்டுவிடவே கூடாது. பவளமும் குழாய்ப்புழுவும் செத்துப்போகும்.

எடை போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 400 மில்லிகிராம் மாத்திரையைத் தராசில் வைத்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஏனென்றால் மாவும் பூச்சும் சேர்ந்த எடை அது. ஆகவே முழு மாத்திரையையும் பொடித்து எடை போட்டு, தேவையானதை விகிதம் பார்த்துப் பிரிக்க வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. சேலத்துக்காரருக்கு இது ஒரு பிரச்சினையா என்ன? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால், பொடியைத் தாளில் மடித்து எடுத்துப்போய் அங்கேயே நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வெளிநாட்டு பாட்டில் வாங்குவதானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத பாட்டில் பயணப்பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்ததாக இருக்கலாம், காலாவதித் தேதியையும் நம்ப முடியாது.

கேள்வி: மீன் செத்தால் பணம் திரும்ப வாங்க முடியுமா? பில்லில் ‘உயிரினங்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். – அஸ்தம்பட்டி வாசகி

பதில்: அச்சடித்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் பொருள் எதுவும் சரக்குதான், மீனும் அதில் அடக்கம். குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும் பில் கொடுக்காமலிருப்பதும் முறையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சேலத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான சரக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

ஆனால் வெளிப்படையாகச் சொன்னால், நிரூபிப்பதுதான் கஷ்டம். பூச்சி கடையிலிருந்து வந்ததா, உங்கள் தொட்டியில் பிடித்ததா என்று கேட்பார்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, மீனின் வயிறு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம், வாட்ஸ்அப்பில் கடைக்காரர் சொன்ன மருந்துப் பெயர், முதல் வாரத்திலேயே எடுத்த மல அறிக்கை, இவை கையிலிருந்தால் பெரும்பாலான கடைகள் ஆணையம் வரை போக விடாது.

இந்தச் சண்டையே வேண்டாமென்றால் வாங்கும் முன் மீன் சாப்பிடும் வீடியோவைக் கேளுங்கள். வயிற்றுக் கோடு உள்வாங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். க்ளவுன் மீன் என்றால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேளுங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் (ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் அதன் கிளை உண்டு) அதற்கான முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. கடலில் பிடித்ததைவிட அவற்றில் புழுத் தொல்லை குறைவு. டேங் வகையோ இங்கே விற்பது ஏறத்தாழ எல்லாமே கடலில் பிடித்ததுதான். கடல் குதிரை தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையையே மறந்துவிடுங்கள், அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதி நடத்துகிறேன். வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசை. மலைக் குளிரில் பூச்சி நோயே வராது என்கிறார் தொட்டி அமைப்பவர். உண்மையா?

பதில்: இல்லை. இந்த மீன்களுக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி இருந்தாக வேண்டும். கீழே சேலத்தில் கோடையில் சில்லர் வாங்க வேண்டிவரும், மேலே உங்களுக்கு ஹீட்டர். மலையில் குளிர் எவ்வளவு இருந்தாலும் மீனின் குடல் அதே 25 டிகிரியில்தான் இருக்கும், பூச்சி மீனோடேயே வந்து சேரும். தனித்தொட்டிக்கும் சேர்த்து விலைப்புள்ளி கேளுங்கள், அதைத் தவிர்க்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொன்று, விடுதிக்காக வாங்குவது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். நுகர்வோர் ஆணையம் கைகொடுக்கும் என்று எண்ணியிருக்காமல் எழுத்தில் உத்தரவாதம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மீன் மார்க்கெட்டில் வாங்கும் பச்சை இறாலைத் தொட்டி மீனுக்குப் போடலாமா? பூச்சி பிடித்த தொட்டியில் குழந்தை கை விட்டால் ஆபத்தா?

பதில்: போடலாம். நன்றாகக் கழுவி, ஒரு வாரம் ஃப்ரீசரில் கட்டியாக உறையவைத்து, பிறகு கொடுங்கள். ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் அதில் செத்துவிடும். மீனின் குடற்புழு கை விடுவதால் குழந்தைக்கு வராது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் விட வேண்டாம், அதன் வழியே தோலில் ஆறாப்புண் உண்டாக்கும் பாக்டீரியா ஒன்று மீன் தொட்டிகளில் உண்டு. மற்றபடி சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், கை விடுவதற்கு முன் கழுவினால் மட்டும் சோப்பு வாடை போகும்வரை அலசிவிடச் சொல்லுங்கள், மீனுக்கு அது ஆகாது.