பக்கவாத்தியக்காரரைப் பின்தொடர்வது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பாட்டின் அடிச்சுரங்களைத் தாங்கும் பேஸ் கிட்டார் பற்றி நீங்கள் எப்போதோ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான்கு வருடமாக நான் பேஸ் வாசிக்கும் பினோ பல்லடினோமீது பைத்தியம். பாடகர் டி'ஆஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தில் பிடித்தது. அதிலும் 'அன்டைட்டில்டு' பாட்டில் அவர் வாசித்திருப்பதை நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஆனால் ஒரு பாடகரைப் பின்தொடர்வதுபோல இவரைப் பின்தொடர முடியவில்லை. பாட்டுக் கேட்கும் ஆப்பில் அவர் பக்கத்தை ஃபாலோ செய்து வைத்திருக்கிறேன். வருடக்கணக்கில் ஒரு நோட்டிஃபிகேஷன்கூட வருவதில்லை. ஏதோ ஒரு பாட்டை மாதக்கணக்கில் கேட்டுத் தீர்த்த பிறகுதான் அதில் வாசித்தது அவர் என்று தெரிகிறது. அவருடைய சொந்த ஆல்பம் 'நோட்ஸ் வித் அட்டாச்மென்ட்ஸ்' கேட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். பேஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பேஸ் வாசிப்பவருக்கெல்லாம் ரசிகனா என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இவரை எப்படித்தான் பின்தொடர்வது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நூறு முறை கேட்ட 'அன்டைட்டில்டு' பாட்டில் பேஸ் வாசித்தவர் பினோ இல்லை, ரஃபேல் சாதீக். அதே ஆல்பத்தின் 'ஸ்பானிஷ் ஜாயின்ட்' பாட்டில் சார்லி ஹன்டர் எட்டுத் தந்திக் கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு பேஸையும் கிட்டாரையும் ஒன்றாகவே வாசித்திருக்கிறார். பினோ வேண்டுமென்றால் 'சிக்கன் கிரீஸ்', 'பிளேயா பிளேயா' பக்கம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு சிடி அட்டையின் பொடி எழுத்தைப் படித்தேன்.

'சிக்கன் கிரீஸ்' முதல் தடவை கேட்டபோது வாசிப்பவர் தூங்கி வழிகிறார் என்றே நினைத்தேன். டிரம்ஸில் குவெஸ்ட்லவ் அடிக்கிறார். அந்த அடியில் வந்து விழவேண்டிய பேஸ் விழாமல், ஒரு மயிரிழை தாமதித்து வந்து உட்காருகிறது. ஒவ்வொரு முறையும் அதே மயிரிழை. அப்போதுதான் உறைத்தது, தூக்கத்தில் இருப்பவனால் இவ்வளவு துல்லியமாகத் தாமதிக்க முடியாது. பாட்டு முழுவதும் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் இருப்பது அந்தத் தாமதத்தால்தான். இதை ஃபோன் ஸ்பீக்கரில் தேடாதீர்கள். நான்கு தந்தி பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கிட்டத்தட்ட எழுப்பவே முடியாது. மேலே மிதக்கும் மேல்சுரங்களை வைத்து நம் காதுதான் இட்டு நிரப்பிக்கொள்கிறது. உங்கள் ஏமாற்றத்தில் பாதி ஃபோனின் தவறாக இருக்கலாம். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள் ஆப்பும் பொய் சொல்லவில்லை. ஆல்பம் யார் பெயரில் வருகிறதோ அவருடைய ரசிகருக்குத்தான் அது சேதி அனுப்பும். பினோ 1957-ல் கார்டிஃபில் பிறந்தவர். தன் பெயர் முகப்பில் வரும் முதல் ஆல்பத்தை 2021-ல், 63 வயதில்தான் வெளியிட்டார். அதிலும் பாதியை கிட்டார் கலைஞர் பிளேக் மில்ஸுக்குக் கொடுத்துவிட்டார்! அதற்கு முந்தைய நாற்பது வருட வாசிப்பும் பிறர் வீட்டு வரவு.

அந்தக் கணக்கை 1983-லிருந்து பாருங்கள். பால் யங் பாடிய 'வேர்எவர் ஐ லே மை ஹேட்'. கழுத்தில் மெட்டுக்கட்டைகள் இல்லாத (ஃப்ரெட்லெஸ்) பேஸ் அது. வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பேஸ் பாட ஆரம்பித்துவிடுகிறது. சுரங்களுக்கு நடுவே வழுக்குகிறது, இழைகிறது. ஒரு பக்கவாத்தியம் இவ்வளவு துணிந்து முன்வரிசையில் வந்து நின்றதை அதற்குமுன் நான் கேட்டதில்லை. பிறகு என்ன செய்தார்? பிரபலமான அந்தக் குரலையே கழற்றி வைத்துவிட்டார். மெட்டுக்கட்டைகள் வைத்த, ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ், மழமழவென்ற ஃபிளாட்வூண்ட் தந்திகள், மந்தமான தடித்த ஒலி. 'வூடூ'வில் நீங்கள் கேட்பது இந்த ஆளைத்தான். இரண்டும் ஒரே கை என்று சொன்னால் நம்பமுடியாது. 2002 ஜூனில் 'தி ஹூ' ராக் குழுவின் பேஸ் வாசிப்பவர் ஜான் என்ட்விசில் இறந்தபோது, சில நாட்களிலேயே பினோ அந்தக் குழுவோடு மேடையேறினார். 2005-ல் டிரம்மர் ஸ்டீவ் ஜோர்டனோடு சேர்ந்து, பாடகர் ஜான் மேயரின் மூவர் குழுவான ஜான் மேயர் ட்ரையோ. 2013-ல் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் ராக் குழு. இவற்றில் எந்த முகப்பைப் பார்த்தாலும் அவர் பெயர் இருக்காது.

முன்னோடிகளின் நிலைமை இதைவிட மோசம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோடவுன் கம்பெனியின் ஹிட் பாடல்களில் பெரும்பகுதிக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரை, அதே கம்பெனியின் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பம் வரும்வரை அட்டைகளில் பார்ப்பதே அரிது. ஜேமர்சனின் தந்தி ஃபிளாட்வூண்ட், வாசித்தது ஒற்றை ஆள்காட்டி விரலால். பினோ பிற்பாடு போய்ச் சேர்ந்தது அந்த ஒலிக்குத்தான். பால் யங் பாடிய அந்தப் பாட்டே மூலத்தில் மார்வின் கேயுடையது. அது பிரிட்டனில் முதலிடம் பிடித்த அதே 1983-ல் ஜேமர்சன் 47 வயதில் போய்ச்சேர்ந்தார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆப்பை விடுங்கள், இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் பினோவின் பெயரைத் தேடி, யார் எதில் வாசித்தார் என்று சொல்லும் 'கிரெடிட்ஸ்' பகுதியைத் திறங்கள். புதிதாக எது வந்தாலும் யாரோ ஒரு புண்ணியவான் பொடி எழுத்தைப் பார்த்து அங்கே ஏற்றியிருப்பார். அதைவிட நல்ல வழி, அவரைக் கூப்பிடுகிறவர்களைப் பின்தொடர்வது. பேஸ் வாசிப்பவர் தனியாக ஊர் மாறுவதில்லை. டிரம்மர் ஒருவரோடு சேர்ந்துதான் மாறுவார். நான் ஒரு நோட்டில் பினோவின் பெயரைச் சுற்றி ஸ்டீவ் ஜோர்டன், குவெஸ்ட்லவ், இன்னொரு டிரம்மர் கிறிஸ் டேவ், பிளேக் மில்ஸ் என்று எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இவர்களில் ஒருவரிடமிருந்து புதிய ஆல்பம் வந்தால் முதலில் கிரெடிட்தான் பார்ப்பேன். பல தடவை அவர் இருக்கமாட்டார். அப்படித் தேடிப்போய்க் கேட்டவற்றில்தான் எனக்குப் பிடித்த பாதி இசை இருக்கிறது.

'நோட்ஸ் வித் அட்டாச்மென்ட்ஸ்' விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேஸ் வாசிப்பவரின் ஆல்பம் என்றதும் தனி ஆவர்த்தனத்தை எதிர்பார்த்துப் போயிருக்கிறீர்கள். பெரும்பாலான பேஸ் ஆல்பங்கள் அந்த ஆசையில்தான் கெட்டுப்போகின்றன, கட்டைவிரலால் தந்தியை அறைந்து அறைந்து நாலு நிமிடத்தில் அலுத்துவிடும். இவர் தன் சொந்த வீட்டிலும் பக்கவாத்தியமாகவே உட்கார்ந்திருக்கிறார். அரைமணி நேர ஆல்பம்தான். சாம் கெண்டலின் சாக்ஸபோன் பின்னால் போகாமல், முதல் பாட்டான 'ஜஸ்ட் ராங்'கில் கீழே நகர்வதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒரு கலைஞனின் எல்லாமே பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை. இதே ஜோடி 2025-ல் 'தட் வாஸன்ட் எ ட்ரீம்' வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஆப் இதற்காவது மணி அடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. 2023-ல் வந்த, டிரம்மர் யூசெஃப் டேயிஸின் 'பிளாக் கிளாசிக்கல் மியூசிக்' கிரெடிட்டில் பேஸுக்கு நேரே பல்லடினோ என்று பார்த்து நான் துள்ளிக் குதித்துவிட்டேன். முழுப் பெயரையும் படியுங்கள். அது ராக்கோ, பினோவின் மகன்.