லேப்டாப் ஃபைல்களைத் தவறாமல் பேக்கப் எடுக்க எது நல்ல வழி? காப்பி-பேஸ்ட் போதாதா?

கேட்டவர் சொன்ன விவரம்: வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப், அதில் சுமார் 300 ஜிபி படங்களும் ஆவணங்களும். 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. ஞாபகம் வரும்போது அதில் காப்பி-பேஸ்ட் செய்கிறார்.

போதாது. லேப்டாப் டிஸ்க் கெட்டுப்போவது ஆபத்துகளில் ஒன்றுதான். ஒரு ஃபைலைத் தெரியாமல் அழிப்பது, தவறாகத் திருத்தி சேவ் செய்வது, மூன்று வாரம் கழித்து அதைக் கவனிப்பது, இதுதான் அடிக்கடி நடக்கிறது. அதற்குள் பழைய காப்பியின் மேலேயே புதியதைப் போட்டிருப்பீர்கள். நல்ல ஃபைல் இரண்டு இடத்திலும் இருக்காது. ஆகவே பேக்கப் டிஸ்க்கில் இன்றைய ஃபைலோடு போன மாத ஃபைலும் கிடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடவும் வேண்டும். எப்போதும் செருகியே இருந்தால், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) லேப்டாப்போடு சேர்த்து அதையும் பூட்டிவிடும்.

டிஸ்க்கில் வேறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஏறும், ஆனால் எழுதும்போது வயர் பிடுங்கப்பட்டால் சேதமாகும் வாய்ப்பு அதிகம். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். 300 ஜிபிக்கும் அதன் பழைய பதிப்புகளுக்கும் அது தாராளம். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பெரிய ஃபைல்களாக இருந்தால் முதல் தடவை ஒரு மணி நேரம் போல ஆகும். வாட்ஸ்அப் படங்கள் மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

அடுத்து, எந்த ஃபோல்டர்களை எடுப்பது? பலர் ஏமாறுவது இங்கேதான். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். பழைய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் காலி ஃபோல்டரைத்தான் பத்திரப்படுத்துவீர்கள். அதிலும் மேகக் குறி போட்ட ஃபைல்கள் லேப்டாப்பில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் இறங்கிய பிறகு பேக்கப் எடுங்கள். டேலி கணக்கு மென்பொருள் இருந்தால், அதன் டேட்டா பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்கு வெளியே இருக்கும். டேலியிலேயே டேட்டா பாத் (டேட்டா இருக்கும் இடம்) பார்த்து அந்த ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் மெயில்கள் சேரும் பிஎஸ்டி ஃபைல் திறந்திருந்தால் காப்பி ஆகாது, அவுட்லுக்கை மூடிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலையும் கூடவே வையுங்கள். அது இல்லாத கணினியில் உங்கள் பக்கங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

மென்பொருளுக்கு நான் சொல்வது ஃப்ரீஃபைல்சிங்க். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பேக்கப் டிஸ்க்கில் 'பிரதி', 'பழையவை' என்று இரண்டு ஃபோல்டர்களைத் தனித்தனியாக உருவாக்குங்கள்; ஒன்றுக்குள் ஒன்று வேண்டாம். இடப்பக்கம் லேப்டாப் ஃபோல்டர், வலப்பக்கம் டிஸ்க்கில் உள்ள 'பிரதி'. சிங்க் அமைப்பில் 'மிரர்' (வலப்பக்கத்தை இடப்பக்கம் போலவே ஆக்கும் முறை) தேர்ந்தெடுத்து, அழியும் ஃபைல்களை என்ன செய்வது என்ற இடத்தில் 'வெர்ஷனிங்' வைத்து, 'பழையவை' ஃபோல்டரைக் காட்டுங்கள். பெயரிடும் முறை 'டைம் ஸ்டாம்ப்'. 180 நாள் வரை வைத்திரு என்று வரம்பும் போடலாம். இனி லேப்டாப்பில் அழித்ததும் திருத்தியதும் தேதியோடு 'பழையவை'க்குள் போய்ச் சேரும். வெர்ஷனிங் இல்லாத வெறும் மிரரை மட்டும் வைக்காதீர்கள். இங்கே அழிந்தது அங்கேயும் அழியும்.

டிஸ்க்கை E, F என்ற எழுத்தால் குறிக்க வேண்டாம். வேறு பென் டிரைவ் முதலில் செருகியிருந்தால் எழுத்து மாறிவிடும். டிஸ்க்குக்கு 'பேக்கப்1' என்று பெயர் வைத்து, பாத்தில் [பேக்கப்1]\பிரதி என்று சதுர அடைப்புக்குள் கொடுத்தால் எப்போதும் சரியான டிஸ்க்கையே பிடிக்கும்.

சிங்க் அழுத்துவதற்கு முன் கம்பேர் முடிவைப் பார்த்தே ஆக வேண்டும். அம்புக்குறிகள் வலப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறியிருந்தால் லேப்டாப்பில்தான் கை வைக்கும். வழக்கமாகச் சில நூறு மாற்றங்கள் காட்டும் இடத்தில் திடீரென்று பல்லாயிரம் காட்டினால் நிறுத்துங்கள். நீங்களே ஒரு பெரிய ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தால் அப்படி வருவது இயல்பு. இல்லையென்றால் ரான்சம்வேரா என்று சந்தேகப்பட்டு, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை ஆராயுங்கள். இதனால்தான் நான் தானியங்கி ஓட்டத்தைச் சிபாரிசு செய்வதில்லை. அமைப்பை பேட்ச் ஜாபாக அல்லாமல் சாதாரண 'சேவ்' கொடுத்து டெஸ்க்டாப்பில் சேமித்துக்கொண்டு (பேட்ச் ஜாப் கம்பேரைக் காட்டாமல் நேரே சிங்க் செய்துவிடும்), வாரம் ஒரு நாளை நிலையாக வைத்து, ஃபோனில் நினைவூட்டல் போடுங்கள். செருகு, டபுள் கிளிக், கம்பேரைப் பார், சிங்க், 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்று. பத்து நிமிடத்துக்குள் முடியும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் லேப்டாப் பேட்டரி நன்றாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஒரே டிஸ்க் என்றால் திருட்டிலும் வெள்ளத்திலும் லேப்டாப்போடு சேர்ந்தே போகும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இரண்டாவது டிஸ்க் வாங்கி அக்கா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ வைத்து மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வது மலிவான வழி. கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான், 300 ஜிபிக்கு உதவாது; சொத்துப் பத்திரம், சான்றிதழ் ஸ்கேன்களுக்குப் போதும். குப்பையில் போட்ட ஃபைல் அங்கே 30 நாள்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெளியே போகும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டுவது நல்லது. விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர் வசதியால் பூட்ட விண்டோஸ் ப்ரோ வேண்டும். ஹோம் பதிப்பில் திறக்க மட்டும் முடியும், அதை வைத்திருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சடித்து வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்தால் லேப்டாப் போனால் சாவியும் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒரு பழைய படம், ஒரு எக்ஸெல் ஷீட், ஒரு பெரிய வீடியோ, 'பழையவை'யிலிருந்து ஒரு ஃபைல் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே திறக்க வேண்டும். அப்போதே டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளையும் ஓட்டுங்கள். மஞ்சளில் 'காஷன்' காட்டினால், குறிப்பாகப் பென்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதி) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், பழுது பார்க்க முயலாமல் அந்த வாரமே புது டிஸ்க் வாங்கி முழு பேக்கப்பையும் அதில் புதிதாக எடுங்கள்.