முரசு சுகமான பிறகு வேரில் சூத்தை

கேள்வி: எனக்கு 58 வயது, களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன். பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷருக்கும் குளிசை எடுக்கிறேன். போன வருடம் முரசில் இரத்தம் வடிந்து பல் ஆடத் தொடங்கியதால், நாலைந்து தடவை போய் ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டேன். இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது பற்கள் நீண்டுபோன மாதிரித் தெரிகின்றன. முரசோரத்தில் மண்ணிறமாகக் குழி விழுகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. “சுரண்டினதாலதான் பல் பழுதாப் போச்சு, எல்லாத்தையும் கழட்டிப்போட்டுக் கட்டுப்பல் வை” என்கிறா மச்சாள். தேத்தண்ணிக்கு நான் சீனி போடுவதில்லை. வாய் காய்ந்தால் மட்டும் ஒரு டொபி சூப்புவேன். என்ன செய்யலாம் டொக்டர்?

பதில்: மச்சாள் சொல்வதில் கால்வாசி சரி. சுத்தம் செய்த பிறகுதான் வேர் வெளியே தெரிந்தது. ஆனால் வேரைப் பிடித்திருந்த எலும்பு அதற்கு முன்பே கரைந்துவிட்டது, முரசு வீங்கியிருந்ததால் அது உங்களுக்குத் தெரியவில்லை. ஊத்தைக்கல்லை எடுத்ததும் வீக்கம் வற்றி, முரசு கீழே இறங்கியது. மாரி வெள்ளம் வடிந்ததும் வயல் வரம்பு தெரியுமே, அதுபோலத்தான். பல் நீளவில்லை. சிகிச்சை செய்யாமல் விட்டிருந்தால் இந்நேரம் சில பற்கள் தானாகவே விழுந்திருக்கலாம்.

இனி இந்தக் குழிகளைப் பார்ப்போம். பல்லின் மேல்பகுதியில் எனாமல் என்ற கவசம் உண்டு, அதன் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். வேருக்கு அந்தக் கவசம் இல்லை. மெல்லிய ஒரு தோல் போன்ற படை மட்டுமே இருக்கும், அதுவும் சீக்கிரம் தேய்ந்துபோகும். உள்ளே இருக்கும் டென்டினில் கனிமம் 70 சதவீதம் அளவில்தான். எனாமல் கரைவதற்கு வாயின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5 அளவுக்கு இறங்க வேண்டும், வேர் கரைய 6.2 முதல் 6.7 வரை இறங்கினாலே போதும். எனாமலை ஒன்றும் செய்யாத இலேசான புளிப்புக்கூட வேரை அரிக்கும்.

அதனால்தான் உங்கள் டொபி எனக்குக் கவலை தருகிறது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, சரி. ஆனால் பனங்கட்டியோ சீனியோ கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கும் பழக்கமும் இருக்கிறதா? கேட்காவிட்டால் யாரும் இதைச் சொல்வதில்லை! ஒருமுறை இனிப்புப் பட்டால், வாய் பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே இங்கு கணக்கு. டொபியை ஊறவைத்துச் சூப்பினால் அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். எச்சில் குறைந்த வாயில் அமிலத்தைக் கழுவவும் ஆளில்லை. சில பிரஷர் குளிசைகளாலும் சீனி வருத்தத்தாலும் வாய் காயும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். டொபிக்குப் பதிலாக அடிக்கடி ஒரு மிடறு வெறும் தண்ணீர் குடியுங்கள். சீனியில்லாத சுவிங்கம் மெல்லவும் செய்யலாம், பல் ஆடாவிட்டால்.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேர்ச்சூத்தையில் கறுப்பைவிட மென்மைதான் ஆபத்து. தோல் மாதிரி மெத்தென்று இருந்தால் சூத்தை ஓடிக்கொண்டிருக்கிறது. கறுத்து, வழுவழுப்பாக, கல் போல இறுகியிருந்தால் பெரும்பாலும் நின்றுவிட்டது, அடைக்காமல் கவனித்து வந்தாலே போதும். எது எதுவென்று பல் வைத்தியர் தொட்டுப் பார்த்துச் சொல்வார். நீங்கள் ஊசியால் கிண்டிப் பார்க்காதீர்கள். வெற்றிலை போடுகிறவராயின் கறை எது, சூத்தை எது என்று கண்ணால் பிரிப்பது இன்னும் கடினம். வெற்றிலையில் பாக்கும் புகையிலையும் சேர்வதால் வாய்ப் புற்றுநோய்ப் பயமும் உண்டு. எப்படியும் அதை விடுவதே நல்லது.

மெத்தென்ற சிறு குழிகளில் புளோரைட் வார்னிஷ் பூசலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆழமானதை கிளாஸ் அயனோமரால் அடைப்பார்கள். அது வேரோடு நன்றாக ஒட்டும், கொஞ்சம் புளோரைட்டும் விடும். சில வேளை வெள்ளி கலந்த ஒரு புளோரைட் மருந்தும் வைப்பார்கள். அது சூத்தையை நிறுத்தும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லென்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் உமிக்கரி, கரித்தூள், உப்பு எதுவும் வேண்டாம், வேர் தேய்ந்துபோகும். மென்மையான பிரஷ், பெட்டியில் 1450 பி.பி.எம். புளோரைட் என்று போட்ட பற்பசை. இரவில் தீட்டியதும் துப்பிவிடுங்கள், தண்ணீர் விட்டு வாய் கொப்பளிக்க வேண்டாம். முரசு இறங்கிய பல்லிடுக்குகளுக்கு இடுக்குப் பிரஷ் நல்லது, அளவை வைத்தியரே தெரிவு செய்து தரட்டும்.

எல்லாப் பல்லையும் கழற்றும் பேச்சை இப்போது விடுங்கள். ஒன்றிரண்டைக் கழற்றிப் பகுதிக் கட்டுப்பல் வைத்தால்கூட, அது சாய்ந்திருக்கும் பல்லின் வேரைச் சுற்றி உணவு தங்கி அங்கேயும் சூத்தை வரலாம். அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவில் இவற்றை இலவசமாகவே பார்க்கலாம். போகும்போது சீனி வருத்தத்துக்கான கிளினிக் கொப்பியையும், எடுக்கும் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாய் காய்வதையும் டொபியையும் மறக்காமல் சொல்லுங்கள்.