உபுண்டு அழியவில்லை, யாரையும் ஃபார்மட் பண்ண விடாதீர்கள்

ஒரே மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐயும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவையும் வைத்திருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "விண்டோஸ் அப்டேட் முடிந்ததிலிருந்து, எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் மெனு வருவதே இல்லை. நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். பூட்லோடர் (பவர் போட்டதும் சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) கெட்டுவிட்டது, டிஸ்கை முழுசாக அழித்து இரண்டையும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். என் ஆய்வேடு முழுக்க உபுண்டுவில் இருக்கிறது. எல்லாம் போய்விட்டதா?"

அநேகமாக எதுவும் போயிருக்காது. முதலில் அந்த மடிக்கணினியை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். எழுத்தும் பெயரும் இல்லாமல், நீங்கள் உபுண்டுவுக்கு ஒதுக்கிய அதே அளவில் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி) தெரிந்தால் அதுதான் உங்கள் உபுண்டு. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல். அங்கேயே 100 எம்பி அளவில் குட்டியாக ஒன்று இருக்கும். இது எதற்கு வீணாக என்று அதை அழித்துவிட்டு, இரண்டு சிஸ்டமும் திறக்காமல் தவிப்பவர்கள் உண்டு. இரண்டையும் எழுப்புகிற கோப்புகள் அந்தக் குட்டி பார்ட்டிஷனில்தான் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன.

நடந்தது என்ன? உங்கள் மதர்போர்டில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. விண்டோஸ் பூட் மேனேஜர் ஒரு பெயர், உபுண்டு இன்னொரு பெயர். பவர் பட்டனை அழுத்தியதும் மேலே இருக்கிற பெயரைத்தான் அது கூப்பிடும். அப்டேட் வந்தபோது விண்டோஸ் தன் பெயரை மேலே ஏற்றிக்கொண்டது. ஒரு சிஸ்டத்தின் அப்டேட் இன்னொன்றின் இடத்தை இப்படிக் கேட்காமல் மாற்றுவது இத்தனை வருடங்களாக நடக்கிறது, இன்னமும் யாரும் அதை ஒழுங்காகச் சரிசெய்யவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம்.

சரிசெய்வதற்கு முன் ஒரே ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் விண்டோஸ் டிஸ்க், விண்டோஸின் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். நான் அப்படி எதுவும் போடவில்லையே என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவிய பல விண்டோஸ் 11 கணினிகளில் அது தானாகவே போட்டுக்கொண்டிருக்கும், சொல்லவும் சொல்லாது. பூட் வரிசையை மாற்றினாலோ செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடர்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைத்தாலோ, சில கணினிகளில் லினக்ஸின் மெனு வழியாக விண்டோஸைத் திறந்தாலே கூட, நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஃபோனிலிருந்தே உள்ளே போய்ப் பார்க்கலாம். நிறுவியது நண்பரோ பழைய அலுவலகமோ என்றால் அவர்கள் கணக்கில் இருக்கக்கூடும், அதனால் இப்போதே, விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கும்போதே, தேடிப் பிடித்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். அதே மடிக்கணினியில் சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது. கீ தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் அதைத் திறந்து தர முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

கீ கையில் வந்ததா? இனி வேலை சுலபம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று இருந்தால் அதற்குள் உபுண்டு என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். அந்த வழி காட்டவில்லை என்றால், ரீஸ்டார்ட் ஆகும்போது பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்; டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. உபுண்டு என்ற பெயரைத் தேர்ந்ததும் உபுண்டு திறந்தால், கெட்டுப்போனது எதுவுமே இல்லை என்று அர்த்தம். திறந்த உடனே ஆய்வேட்டை வெளியே ஒரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில் போய் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே கொண்டுவந்து சேமித்தால் முடிந்தது. இந்த இரண்டு நிமிட வேலைக்குத்தான் உங்கள் டிஸ்கை அழிக்கச் சொன்னார்கள். அழித்துப் போடுவது அவருக்குப் பழகிய வேலை, யோசிக்கவும் தேவையில்லை. இழப்பு மட்டும் உங்களுக்கு.

பட்டியலில் உபுண்டு பெயரே இல்லை என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து திறந்து, நிறுவாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனுவில் அந்தப் பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். யூஇஎஃப்ஐ (UEFI) என்று முன்னால் போட்டிருப்பதையே எடுங்கள். மற்றதில் போனால் பூட்லோடரைத் திரும்ப நிறுவும் முயற்சி சரியாக வராது, ஏன் என்றும் புரியாமல் ஒரு நாள் போகும். உள்ளே போனதும் முதலில் ஆய்வேட்டைக் காப்பி எடுங்கள், பிறகு பூட் ரிப்பேர் என்ற இலவசக் கருவியை நிறுவி அது பரிந்துரைக்கும் வழியையே தேர்ந்தெடுங்கள். இதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை.

வீடியோக்களில் சொல்கிற பூட்ரெக் (bootrec) கட்டளைகளைத் தட்டாதீர்கள். அவை விண்டோஸ் திறக்காதபோது அதை மீட்பதற்கானவை, உங்கள் விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய வகைக் கணினிகளில் அதில் ஒரு கட்டளை லினக்ஸின் பூட்லோடரைத் துடைத்தே எடுத்துவிடும்.

உபுண்டுவைத் தேர்ந்ததும் எஸ்பாட் (SBAT) என்ற சொல்லோடு ஒரு பிழை வந்து கணினி அணைந்துபோனால் அது வேறு கதை. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுத்தது. இரண்டு சிஸ்டம் இருக்கும் டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொன்னது, ஆனால் தொட்டது. முழுத் தீர்வு வர 2025 மே வரை ஆனது. ஒன்பது மாதம் மக்கள் என்ன செய்வார்கள் என்று யாராவது யோசித்தார்களா? உங்களுக்கு அது வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவைத் திறந்து அதன் அப்டேட்கள் எல்லாவற்றையும் போட்டு, விண்டோஸையும் அப்டேட் செய்துவிட்டு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யுங்கள். நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்பவர்களைக் கேட்க வேண்டாம்.

மெனு திரும்பி வந்தும் அதில் விண்டோஸ் பெயர் இல்லையென்றால் பயப்படாதீர்கள். அந்த மெனுவைக் காட்டுவது கிரப் என்ற உபுண்டுவின் பூட்லோடர்; 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஓஎஸ் ப்ரோபர் (OS_PROBER) என்று வரும் வரியைத் திருத்தி, கிரப்பைப் புதுப்பித்தால் வந்துவிடும். அதுவரை பூட் மெனு விசை வழியாக விண்டோஸைத் திறந்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு திறக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். ஆனால் பூட் ஆகவில்லை என்று மட்டும் எழுதாமல், திரையில் என்ன வரி வருகிறதோ அதை ஃபோனில் படம் எடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.